கதை சொன்ன சிறுமியும் கேட்ட இயந்திரமும்

செயற்கை நுண்ணறிவு குழந்தைகளின் சிந்தனையையும் பழகும் பண்பையும் எவ்வாறு மாற்றும் என்னும் வினா இன்று பிறந்ததன்று. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த, ஐசக் அசிமோவின் ‘ராபி’ என்னும் அறிவியற் சிறுகதை அவ்வினாவை ஒரு தாயின் வாயிலாக அன்றே எழுப்பியது.

ராபி, சிறுமி குளோரியாவைப் பேணுவதற்கென வாங்கப்பட்ட இயந்திர மனிதன். பேசும் ஆற்றல் அதற்கில்லை. மகள் பிற பிள்ளைகளுடன் விளையாட மறுப்பதைக் கண்டு கலங்கிய தாய், ராபியை வீட்டினின்றும் அகற்றுகிறாள். சிறுமி ஏங்குகிறாள். முடிவில், தொழிற்சாலை ஒன்றில் பெரும் ஊர்தியின் முன் ஓடிவிட்ட அவளை ராபி காப்பாற்றுகிறது, தாயும் இணங்குகிறாள்.

கதையின் குறை இம்முடிவிலேயே உள்ளது. தாய் அஞ்சியது மகளின் உயிருக்கு மட்டுமன்று. அவள் மனிதரோடு வாழக் கற்பாளா என்பதற்கும் ஆகும். உயிரைக் காத்த செயல் அவ்வச்சத்திற்கு விடையாகாது. ஆசிரியர் வினாவைத் தீர்க்கவில்லை, பரபரப்பால் மறைத்துவிட்டார்.

எனினும், கதையின் தொடக்கத்தில் வரும் சிறு காட்சியொன்று அவ்விடையைத் தாங்கி நிற்கிறது. கண்ணாமூச்சி ஆட்டத்தில் குளோரியா வீண்பழி சுமத்த, ராபி பிணங்குகிறது. அவள் கொஞ்சுகிறாள், மிரட்டுகிறாள். இனிக் கதை சொல்லமாட்டேன் என்றதும் அது பணிகிறது. பின்னர் அவள் சிண்டரெல்லாக் கதையைச் சொல்ல, இயந்திரம் கேட்கிறது. நிகழ்ச்சிகளைக் கோப்பதும், சொற்களைத் தேடுவதும், பிணங்கியவரை மீண்டும் இணக்குவதும் குழந்தையின் உழைப்பாகவே அமைகின்றன. சிந்தனையும் உறவும் வளர்வது அவ்வுழைப்பினாலன்றோ!

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இக்காட்சி தலைகீழாயிற்று. இன்று குழந்தை கேட்கிறது. இயந்திரம் கதை சொல்கிறது, கட்டுரையும் எழுதித் தருகிறது. அது பிணங்குவதில்லை, பெரும்பாலும் கேட்பவர் கருத்துக்கு இசைந்தே பேசுகிறது. விட்டுக்கொடுக்கவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டாத நட்பு, மனிதரோடு பழகுவதற்குரிய பயிற்சியாகாது. அசிமோவ் புறக்கணித்த தாயின் கவலை இன்றுதான் முழுப்பொருள் பெறுகிறது.

இதனால் இயந்திரத்தை வகுப்பறையினின்றும் விலக்கிவிட வேண்டும் என்பதில்லை. மாணவனை வினவி, அவனையே பேசவும் எழுதவும் தூண்டுமாயின் அது நல்ல துணையே. ஆசிரியர் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றுண்டு: கதையைச் சொன்னவர் யார்? சொன்னது குழந்தையாயின் அச்சமில்லை. கேட்டு எழுதியது மட்டுமே குழந்தையாயின், அத்தாயின் கவலையை ஆசிரியரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.