சுருட்டுக்குத் துணை

கொக்குவில் பக்கம் ஒரு சுருட்டுக் கொட்டிலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கிடுகுக் கூரை, சிமெந்துத் தரை, நான்கு பேர். மூத்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஈரச் சாக்குக்குள்ளிருந்து ஒரு இலையை உருவி, பலகைமேல் விரித்து, நடு நரம்பை நகத்தால் கீறி எடுத்தார். பாதி இலை நனைந்த பட்டுத்துணி போலக் கையில் துவண்டது. உள்ளே வைக்கிற இலைத் துண்டுகளை ஒரு பிடி அள்ளி நீட்டி, மேல் இலையைச் சரிவாக இழுத்துச் சுற்றினார். உள்ளங்கையால் ஒரே உருட்டு. முனையில் ஒரு தொட்டுப் பசை, கத்தரியால் ஒரு நறுக்கு. ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பற்றவைத்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் சிகரெட் ஞாபகத்தில் இழுத்துவிட்டு இருமினேன்.

“உள்ளுக்கு இழுக்காதை தம்பி. வாயிலை வைச்சிருந்து விடு. பின்னேரம் தவறணைக்கு வாருமன். கள்ளோடை பத்தினால்தான் இதின்ரை குணம் தெரியும்.”

யாழ்ப்பாணத்தில் சுருட்டைப் ‘பத்துவது’ என்கிறார்கள். எங்கள் திண்டுக்கல்லில் ‘பிடிப்பது’. சொல் மாறுவதுபோலப் பழக்கமும் மாறியிருக்கிறது என்பதை அன்று மாலைதான் உணர்ந்தேன்.

தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், கள்ளுக்கு இப்போது பிளாஸ்டிக் குவளை. முன்பு பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில்தான் குடிப்பார்களாம். காலையில் இறக்கிய பனங்கள்ளு மாலைக்குள் நன்றாகப் புளித்து, நாக்கின் இரு ஓரத்தையும் பிடித்து இழுத்தது. அதன்மேல் ஒரு வாய்ச் சுருட்டுப் புகை. கொட்டிலில் காரமாகவும் மண்ணாகவும் இருந்த அதே சுருட்டு, இப்போது வெல்லப் பாகு அடிப்பிடித்த வாசனையைக் காட்டியது. புகை நாக்கில் விட்டுப்போகிற பிசுபிசுப்பை அடுத்த மிடறின் புளிப்பு துடைத்துவிடுகிறது. துடைத்த நாக்கில் அடுத்த புகை புதிதாக விழுகிறது. கியூபச் சுருட்டுக்கு எந்த பீர் தோதானது என்று பெருநகரங்களில் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பாடம் முழுதும் இந்த இரண்டு வாய்க்குள் இருந்தது.

இந்தப் பொருத்தம் தற்செயல் இல்லை. யாழ்ப்பாணத்தில் புகையிலையைக் குடிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் ஊமலும் மூட்டிப் புகை போடுவது பழைய முறை. பொச்சுமட்டை என்பது தேங்காய் மட்டை, ஊமல் என்பது கிழங்கு எடுத்தபின் எஞ்சும் பனங்கொட்டை. பிறகு இலைக்குக் கோடா. பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சும் ஒரு பாகு அது. கூட என்னென்ன சேரும் என்பது கொட்டிலுக்குக் கொட்டில் வேறுபடும், வெளியே சொல்லமாட்டார்கள். ஆக, அடுப்பில் எரிந்ததும் பனை, இலையில் ஊறியதும் பனை, குவளையில் புளித்ததும் பனை. ஒரே மரம் மூன்று வழியாக வந்து வாயில் சேர்கிறது. இதைவிடச் சொந்தமான இணை உலகில் வேறெங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் இலைக்குப் புகை போடுவதில்லை. செடியோடு வெட்டி வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, போர் போட்டு, உள்ளே சூடு ஏறியதும் பிரித்து, மேலது கீழாக மாற்றி அடுக்குவார்கள். அந்தச் சூட்டில்தான் இலையின் பச்சைக் கசப்பு செத்து, தோல் வாசனையும் மரவாசனையும் வரும். என் தாத்தா காலத்தவர்கள் இலையைப் பெயர் சொல்லி வாங்கினார்கள்: ஊசிக்கப்பல், வட்டக்கப்பல், கருங்கப்பல். எங்கள் வீட்டில் சுருட்டுக்கட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில்தான் இருக்கும். வீட்டுக்குள் இருந்தால் பாட்டி விடமாட்டாள். தாத்தா ஒரு சுருட்டை மூன்று தவணையாகப் பிடிப்பார். இடையில் அணைத்துக் காதில் செருகிக்கொள்வார். கொக்குவில் பெரியவரும் அதையேதான் செய்தார். அந்தக் குறைச் சுருட்டைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

திண்டுக்கல் இலை உறையூருக்குப் போய்த் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஆகிக் கப்பலேறியது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘செரூட்’ என்ற பெயரே நம் சுருட்டுதான். 1887-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கிள்ளிப் பார்த்து, கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிக்கிறார். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்ற பெயர் லண்டன் வாசகனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கானன் டாயில் எழுதியிருக்க வேண்டும். ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. துரைமார் அதை விருந்துக்குப் பிறகு போர்ட் ஒயினோடும் பிராந்தியோடும் பிடித்தார்கள். தோட்டத்தில் செடி வெட்டியவர்கள் கள்ளோடு பிடித்தார்கள். ஒரே ஊர்ச் சுருட்டுக்கு இரண்டு துணை.

யாழ்ப்பாணச் சுருட்டு வெள்ளைக்காரனை நம்பி இருக்கவில்லை. அது தெற்கே போனது. சிங்கள ஊர்களின் கடைத்தெருவெல்லாம் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகள். சிங்களத்திலும் அதற்குச் சுருட்டு என்றே பெயர். வயல்வேலை முடிந்து வரும் சிங்கள விவசாயிதான் அதன் பெரிய வாடிக்கையாளர். 1958, 1977, 1983 என்று தமிழருக்கு எதிரான கலவரம் வரும்போதெல்லாம் முதலில் எரிந்தவற்றில் இந்தக் கடைகளும் உண்டு. 1990-இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் நின்றது. திரும்ப ஓட 2014 ஆயிற்று. அதற்குள் தெற்கில் ஒரு தலைமுறை வேறு பழக்கத்துக்குப் போய்விட்டது.

கேரளத்துக்கும் யாழ்ப்பாணப் புகையிலை நெடுங்காலம் போனது. ஆனால் அது மெல்வதற்கு. ‘ஜாப்பாணம்’ என்று மலையாளிகள் இன்றும் சொல்வது அதைத்தான். பெயர் என்றதும் இன்னொன்று: ‘லங்கா புகையிலை’ என்று ஆந்திரத்தில் ஒரு சுருட்டு இலை உண்டு. இலங்கைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கோதாவரியின் நடுவே இருக்கும் திட்டுகளைத் தெலுங்கில் லங்கா என்பார்கள். அந்த வண்டலில் விளைவதால் அந்தப் பெயர்.

புகையில் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான். துணையில்தான் இரண்டு நாடும் பிரிந்தன.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியது. 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1987 சனவரி முதல் நாளோடு கள்ளுக்குக் கதவு அடைபட்டது, இன்னும் திறக்கவில்லை. 2003 முதல் சீமைச்சரக்கை அரசே கடை வைத்து விற்க, மாநில மரமான பனையில் இறங்கும் கள் குற்றம். கள்ளுக்குத் தடை போட்டவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. குடியால் அழிந்த வீடுகளை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் ஐந்து சதவீதம் அளவுக்கே போதை ஏறுகிற, மறுநாள் காடியாகிவிடுகிற ஒரு பானத்தை மூடிவிட்டு, நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதை விற்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

பனையேறிக்கு இந்தச் சட்டம் ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு. பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர், பூசாவிட்டால் கள். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். யாழ்ப்பாணத்தில் இரண்டும் உண்டு. சுண்ணாம்பு பூசிய முட்டியில் கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சுகிறார்கள், பூசாத முட்டி தவறணைக்கு. எங்கள் பக்கம் சட்டப்படி ஒரே கலயம்தான்.

தவறணை என்றால் குடிக்கும் கூடம் மட்டும் இல்லை. கள் இறக்கும் சீவல் தொழிலாளியை யாழ்ப்பாணச் சாதியமைப்பு தரையோடு அழுத்தி வைத்திருந்தது. அவர் இறக்கிய கள் வேண்டும், அவர் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் வரக்கூடாது. 1966 அக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் அதற்கு எதிராகத்தான். 1970களின் தொடக்கத்தில் பனை, தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, இறக்குகிறவர்களே சங்கத்தின் உறுப்பினர்களாகி, விற்பனையும் அவர்கள் கைக்கு வந்தது. மிஞ்சும் கள்ளைப் போத்தலில் அடைக்கவும், பருத்தித்துறைப் பக்கம் திக்கத்தில் வடித்துப் பனஞ்சாராயம் ஆக்கவும் வழி பிறந்தது. போர் இதையெல்லாம் உலுக்கியது, ஆனால் அறுக்கவில்லை. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தபின் பனையேறிகளுக்கு இப்படிக் கள்ளை விற்று ஊன்றிக்கொள்ள வழியில்லை. மரம் ஏறுவதை விட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின.

கொட்டிலைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. முன்பெல்லாம் சுற்றுகிறவர்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையும் தொடர்கதையும் உரக்க வாசிப்பாராம். வாசிக்கிறவரின் கூலியை மற்றவர்கள் பகிர்ந்து கொடுப்பார்களாம். ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இருக்கும் வழக்கம் இது. அங்கே மான்டி கிறிஸ்டோ என்று சுருட்டுக்குப் பெயர் வந்ததே வாசித்துக் கேட்ட நாவலால்தான் என்பார்கள். இந்தியாவில் கண்ணூரின் பீடித் தொழிலாளர்கள் இதைச் செய்தார்கள். 1969-இல் அமைந்த தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அது தொடர்ந்தது. இரண்டு கையும் இலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது. அதை வீணாக்க மனம் வராதவர்கள் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். “நான் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்பு. மிச்சமெல்லாம் இஞ்சை படிச்சது” என்றார் பெரியவர்.

இனி பெங்களூருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சுருட்டும் கள்ளும் பிரிந்தபின், சுருட்டுக்குப் புதுத் துணையை நான் கண்டது அங்கேதான். புனேயில் 2009-இல் டூலாலி, பெங்களூரில் 2010-இல் டாய்ட் என்று கடையிலேயே பீர் காய்ச்சும் இடங்கள் தொடங்கின. என் சித்தப்பா மகன் அப்படி ஓரிடத்துக்கு அழைத்துப் போனான். 2008-க்குப் பிறகு பொது இடத்தில் புகைக்கத் தடை இருப்பதால் அதற்கென்று ஒதுக்கிய அறை. கையில் கியூபச் சுருட்டு, எதிரே இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருந்தாலும் அது ஒரு காலத்தில் இங்கிலாந்தில் காய்ச்சி இங்கே அனுப்பியது. ஹாப்ஸின் கசப்பும் சுருட்டின் கசப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டன. மூன்றாவது வாயில் எனக்கு எதன் சுவையும் பிடிபடவில்லை. பிறகு வறுத்த பார்லியில் காய்ச்சிய கறுப்பு ஸ்டவுட் வந்தது. அது சேர்ந்தது. வறுவலும் புகையும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவைபோல இருந்தன.

அந்த ஸ்டவுட்டைக் குடிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது இலங்கையின் லயன் ஸ்டவுட். நுவரெலியாவின் குளிரில் 1881-இல் தொடங்கிய ஆலை அதனுடையது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் அதை உலகறியப் பாராட்டினார். 8.8 சதவீதம், காப்பியும் கருகிய வெல்லமுமாகக் கனத்த பானம். கோடாச் சுருட்டோடு அதையும் வைத்துப் பார்த்தேன். சுருட்டின் இனிப்பைக் கூட்டியது, காரத்தை மறைத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பாதிச் சுருட்டுக்குள் நாக்கு கனத்துவிட்டது. கள்ளின் புளிப்பு செய்த வேலையை அதனால் செய்ய முடியவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது தாத்தாவின் கடைசி வருடம் கூடவே நிற்கிறது. கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் கேடு குறைந்துவிடாது. வாயும் தொண்டையும் அதை வாங்கிக்கொள்கின்றன. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பதும், அதனால் மேலண்ணத்தில் வரும் புற்றும் மருத்துவ நூல்களில் உண்டு. சுருட்டைத் தினம் பிடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நான் பிடிப்பது தாத்தாவோடு உட்கார்வதற்காக.

கொக்குவிலிலிருந்து கொண்டுவந்த சுருட்டுக்கட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. சித்திரை வெயிலில் திண்டுக்கல்–நத்தம் சாலையோரம் பதநீர் விற்கிறவரிடம் வண்டியை நிறுத்தினேன். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தின் பிளாவும் எங்கள் பட்டையும் ஒரே மடிப்புதான். குடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பற்றவைத்தேன். பதநீரின் இனிப்பும் கோடாவின் இனிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திகட்டின.

“நம்ம ஊர்ச் சுருட்டு வாசம் இல்லையேண்ணே” என்றார்.

எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றும் சொன்னேன்.

“ஒட்டாதுண்ணே. எங்க ஐயா புளிச்சதோடதான் பிடிப்பாரு” என்றார். சாயங்காலம் மரத்தில் கட்டவேண்டிய கலயங்கள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றை நிமிர்த்தி, சுண்ணாம்பில் தோய்த்த விரல்களை உள்ளே விட்டு, சுற்றிலும் தடவ ஆரம்பித்தார்.