திரையின் புறமுகம்

கீழைநாட்டு வீட்டுக் கலைப்பொருள்களுள் மடிப்புத் திரை தனித்ததோர் இடம் பெற்றது. சீனர் அதனைக் குறிக்க வழங்கும் சொல்லும், அச்சொல்லின் வழிவந்த யப்பானியச் சொல்லும் காற்றைத் தடுப்பது என்னும் பொருளன. பெயரே பிறப்பை உணர்த்துகின்றது. குளிர்காற்றை மறித்தல் முதற்பயன். ஓவியம் அதன்மேல் ஏறியது பின்னரே. தமிழர்க்கும் திரை புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறும். ஆயின் அவை ஆடரங்கிற்கு உரியன. ஈண்டு ஆராயப்படுவது இல்லத்தில் நிற்கும் திரை.

கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், பழைய துரை பங்களா ஒன்றின் கணப்புக்கும் வாயிலுக்கும் இடையே இத்தகைய திரை நிற்குமாயின் அதனைப் பொருந்தா ஆடம்பரம் எனப் பழித்தல் கூடாது. காற்றைத் தடுக்கப் பிறந்த பொருள் காற்றுள்ள இடத்தில் நிற்கின்றது; அவ்வளவே. குறை அதனை நிறுத்தும் முறையில் உள்ளது. பழம்பொருள் கொண்டு அறை அணிசெய்வோர் பலர் திரையின் மடிப்புகளை நிமிர்த்திச் சட்டமிட்ட படம்போலச் சுவரிற் பொருத்துகின்றனர். மடிந்து நிற்கும்போது ஒரு பலகையின்மேல் ஒளியும் அடுத்ததன்மேல் நிழலும் விழும். தரையில் அமர்ந்து காண்போர்க்கு மலையும் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். பொன்தகடு ஒட்டிய யப்பானியத் திரைகள் மங்கிய அறையில் ஒளி பரப்பின. நிமிர்த்திய மாத்திரத்தில் இவையனைத்தும் அழிந்து வெறும் சித்திரமே எஞ்சுகின்றது.

இவ்வகைத் திரைகளுள் ஒன்று சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கி மேனாட்டில் வழங்குகின்றது. அது தமிழகத்திற் செய்யப்பட்டதன்று. சீனத்தில், சிறப்பாகப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காங்சி பேரரசன் காலத்திற் பெருவழக்கானது. மரப்பலகையின்மேல் மண்சாந்து பூசி, அதன்மேற் கருநிற அரக்கைப் பல படலமாக ஏற்றி, உருவங்களை அகழ்ந்தெடுத்து, அகழ்ந்த இடத்தில் வண்ணம் நிரப்புவது இதன் முறை. பன்னிரு பலகைகள் கொண்டவை மிகுதி. நம் கிழக்குக் கரைத் துறைகள் வழியே ஐரோப்பாவிற்குச் சென்றமையால் ஏற்றிய கரையின் பெயர் நிலைத்தது. செய்த ஊரின் பெயர் மறைந்தது. ஐரோப்பியர் அவற்றை அறுத்துப் பேழைகளுக்கும் சுவர்களுக்கும் பதித்தனர். 1688இல் ஆக்சுபோர்டில் வெளிவந்த அரக்கு வேலை நூலொன்றில் ஸ்டாக்கரும் பார்க்கரும் இவ்வெட்டு வேலையை எள்ளி நகையாடியிருத்தலால், அக்காலத்தோரே அதன் அலங்கோலத்தை உணர்ந்தனர் என்பது தெளிவு.

இத்திரைகள் பல பிறந்தநாட் பரிசில்களாக வழங்கப்பட்டவை. முன்முகத்தில் அரண்மனையும் விழாவும் இருக்க, புறமுகத்தில் இன்னார்க்கு, இன்னாரால், இன்ன ஆண்டில் அளிக்கப்பட்டது என்னும் வாழ்த்துரை பொறிக்கப்படுவதுண்டு. சுவரோடு சேர்த்து ஆணியடித்தவுடன் அவ்வரலாறு இருளில் அடைபடுகின்றது. அழகு போதும், வரலாறு வேண்டா என்பார்க்கு இஃது இழப்பாகத் தோன்றாது போலும்.

திரைக்கு நேர்ந்த இக்கதி மலைநாட்டோடு தொடர்புடைய வேறு படங்களுக்கும் நேர்ந்தது. ஒளிப்படக் கலையில் புகழ்பெற்ற யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவர் கணவர்க்கு இங்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயன் தோட்டத்தில் அவர் இறந்தார். பொகவந்தலாவை மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் தெனிசன், டார்வின், எர்செல் எனப் பெயர்கள் துலங்குகின்றன. இலங்கையில் எடுத்த படங்களில் உள்ளோருட் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். 1878இல் எடுத்த படமொன்றின் தலைப்பு அவர்களைக் களுத்துறைக் குடியானவர் என்றளவில் நிறுத்திவிடுகின்றது. கமராவின் முன் அவர்கள் நின்ற மிடுக்கு டார்வினுடையதற்குக் குறைந்ததன்று. பெயர் மட்டுமே இல்லை.

1890இல் இலங்கைத் தோட்டங்களை வாங்கிய லிப்டனின் விளம்பரங்களிலும் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் வந்தாள். அவளும் பெயரற்றவளே. அப்படங்களின் மறுபதிப்பை விருந்தினர் அறையில் தொங்கவிடுவோர் அவளைப் பச்சை மலையின் ஓர் அணியாகவே காண்கின்றனர். திரையின் புறமுகத்தைச் சுவருக்குக் காட்டும் மனப்பான்மையே இதுவும் என்க.

இனி, சேகரிப்போர் கண்ணிற் படாத ஓவியமரபு ஒன்று மலைநாட்டிலேயே இருந்தது. லயத்துக் காம்பராவின் புகையேறிய சுவர்களிற் சிவகாசி அச்சில் வந்த முருகனும் இலக்குமியும் விளங்கினர். அவ்வகைத் தெய்வப் படங்களுக்கு வழிகாட்டிய கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, நாடகத் திரைச்சீலைகள் தீட்டியவர். அவர் உருவங்களுக்குப் பின்னுள்ள மண்டபத்திலும் சோலையிலும் அந்த நாடகத்திரையைக் காணலாம். எனினும் பொன்திரைக்குப் பெருவிலை கொடுப்பவர் இப்படங்களை மலிவான தாள் என ஒதுக்குவர். அம்மதிப்பீடு பிழை. மலிவு அச்சின் இயல்பு. ஓவியத்தின் தரம் வேறு. நாட்காட்டியாக வந்த படத்தின் அடியில் ஆண்டும் கடையின் பெயரும் அச்சாகியிருக்கும். படம் சட்டத்திற்குள் நுழையும்போது முதலில் வெட்டப்படுவது அத்துண்டே. சீனத் திரையின் புறமுக எழுத்துச் செய்யும் பணியை லயத்துப் படத்தில் அச்சிறு துண்டு செய்கின்றது.

கம்பளைக்கு அருகே 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் லய வாழ்வின் புழங்குபொருள்களைத் திரட்டியிருப்பது இத்திசையில் நற்பணி. பங்களாக்களை அணிசெய்வோர் அதனை ஒருமுறை சென்று காணுதல் தகும்.

பேணும் முறையிலும் ஒரு தெளிவு வேண்டும். மலைநாட்டு மூடுபனியையே பலர் அஞ்சுவர். தாளுக்கும் பட்டுக்கும் ஈரமும் பூஞ்சணமும் பகை என்பது மெய். வெயிலும் வண்ணத்தை வெளிறச் செய்யும். அரக்குத் திரைக்கோ கணப்பின் வறட்டுச் சூடு பெரும்பகை: பலகை சுருங்க, அரக்கு வெடித்து உதிரும். ஆதலின் திரையைக் கணப்பிற்குச் சற்றெட்ட, ஈரச்சுவரில் படாமல், மடிப்போடு, இருபுறமும் ஆள் நடமாட இடம் விட்டு நிறுத்துக. எந்தப் படத்தையும் சட்டமிடுமுன் அதன் பின்புறத்து எழுத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்க. நாட்காட்டியாயின் அடித்துண்டை வெட்டாது உள்ளே மடித்து வைக்க.