சேர்த்தவையும் விலக்கியவையும்: கட்டற்ற இயங்குதளங்களின் தொகுப்பு மரபுகள்

1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் வெறும் கருநிரல். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூடத் தட்டச்சு செய்ய முடியாது. கட்டளை வாங்கும் ஷெல், நிரலை இயங்கு வடிவுக்கு மாற்றும் கம்பைலர், திரையில் சாளரம் காட்டும் எக்ஸ் என ஒவ்வொன்றையும் வேறு இடங்களிலிருந்து திரட்டிவர வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பங்கு 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் விளைச்சல். எக்ஸ் பிறந்தது எம்ஐடியில். இப்படித் திரட்டியவற்றை ஒன்றோடொன்று பொருந்தவைத்து, எவரும் கணினியில் நிறுவிக்கொள்ளும்படி கொடுப்பதே ‘வழங்கல்’. எதைச் சேர்ப்பது என்பதில் வழங்கல்கள் ஏறத்தாழ ஒத்துப்போகும். எதை விலக்குவது என்ற இடத்தில்தான் மரபுகள் பிரிகின்றன.

இன்றும் வெளிவருபவற்றில் மூத்தது ஸ்லாக்வேர். பேட்ரிக் வோல்கர்டிங் அதை 1993 ஜூலையில் வெளியிட்டார். பிளாப்பி வட்டுகளின் காலம் என்பதால் மென்பொருள்களை எழுத்திட்ட தொகுதிகளாகப் பிரித்தார்: ‘ஏ’ அடிப்படை, ‘டி’ நிரலாக்கம், ‘என்’ வலையமைப்பு, ‘ஒய்’ விளையாட்டு. வேண்டிய தொகுதிக்கான வட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு மென்பொருள் பொதி ஓடுவதற்கு இன்னொன்று தேவையா என்பதை ஸ்லாக்வேரின் சொந்தக் கருவிகள் பார்ப்பதில்லை. அது பயனர் பாடு. மென்பொருளை அதன் ஆசிரியர் எழுதியபடியே, கூடியவரை கைவைக்காமல் தருவது இம்மரபின் நெறி.

அடுத்த மாதமே இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். இங்கே ஒவ்வொரு பொதிக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் தன்னார்வலர் ஒருவரோ ஒரு குழுவோ உண்டு. 1997இல் புரூஸ் பெரென்ஸ் தலைமையில் டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதனுடன் வந்த வழிகாட்டு நெறிகள், முதன்மைத் தொகுப்பில் நுழைவதற்கான தகுதியை வரையறுத்தன. மூலநிரல் கிடைக்க வேண்டும். மாற்றவும் விற்கவும் தடை கூடாது. இன்னாருக்கு, இன்ன வேலைக்கு என்று பாகுபாடு காட்டக் கூடாது. ‘வணிகத்துக்குப் பயன்படுத்தாதீர்’ என்று உரிமத்தில் ஒரு வரி இருந்தால், காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு வழங்கலின் இந்த உள்விதியே சில மாற்றங்களோடு 1998இல் ‘திறமூலம்’ என்பதன் பொது வரையறை ஆயிற்று.

அந்த அளவுகோலைத் தன் பயனர்களுக்குப் பிடித்தவற்றின்மீதும் டெபியன் தயங்காமல் வைத்தது. 1996இல் தொடங்கிய கேடிஇ மேசைத்தளம் பார்வைக்கு அழகு. ஆனால் அது நின்ற கியூட்டி நூலகத்தின் உரிமம் தடையாக இருந்தது. அந்தக் குறையே 1997இல் க்னோம் என்னும் மாற்றுத் திட்டம் பிறக்கக் காரணம். 2000இல் கியூட்டி குனு பொது உரிமத்துக்கு வந்த பிறகே கேடிஇக்கு டெபியனின் கதவு திறந்தது. பயர்பாக்ஸின் கதை வேறு. நிரல் கட்டற்றது, சின்னம் அப்படியில்லை. பெயரைப் பயன்படுத்தினால் திருத்தங்களுக்கு மொசில்லாவின் ஒப்புதலும் வேண்டும் என்றார்கள். 2006இல் டெபியன் பெயரையே மாற்றி அதை ‘ஐஸ்வீசல்’ ஆக்கியது. பழைய பெயர் திரும்பியது 2016இல்.

ரெட் ஹேட் மரபின் அளவுகோல் உரிமத்தோடு நிற்காது; காப்புரிமைச் சட்டத்தையும் பார்க்கும். எம்பி3 பாட்டை இசைக்கும் கட்டற்ற நிரல்கள் இருந்தன, ஆனால் அந்த நுட்பத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது. 2002இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0இல் எம்பி3 வசதி காணாமல் போனது. 2003இல் அதன் வழியில் பிறந்த ஃபெடோரா வழங்கலும் அதே வழியில் நின்றது. புதிதாக நிறுவியவர்கள் பாட்டுக் கேட்க வெளிக் களஞ்சியங்களைத் தேடி அலைந்தார்கள். காப்புரிமைகள் காலாவதியானபோது, 2016இல் கேட்கும் வசதியும் 2017இல் பதியும் வசதியும் தொகுப்புக்குள் வந்தன.

சங்கத் தொகைகள் சிலவற்றுக்குத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என இருவர் உண்டு. உபுண்டுவைத் தொகுப்பித்தவர் தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த். 2004 அக்டோபரில் வந்த அதன் முதல் பதிப்பு டெபியனிலிருந்து கிளைத்தது. அதன் அன்றைய நெறி மட்டும் வேறு. எல்லாம் ஒரே குறுவட்டில் அடங்க வேண்டும், ஒரு வேலைக்கு ஒரு மென்பொருள் போதும். கேட்டவர்களுக்கு அந்த வட்டை அஞ்சல் செலவும் வாங்காமல் பல ஆண்டுகள் அனுப்பினார்கள். 2010இல் 10.04 பதிப்பிலிருந்து கிம்ப் நீக்கப்பட்டபோது அதன் உரிமத்தில் யாரும் குறை சொல்லவில்லை. சாதாரணப் பயனருக்கு அவ்வளவு பெரிய படத்தொகுப்பான் எதற்கு என்பதே கேள்வி.

அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் கிளைதான். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் நிறுவும்போதே உடன் வர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

லினக்ஸ் அல்லாத பிஎஸ்டி குடும்பத்தில் கருநிரலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் வளர்கின்றன. மற்றவை ‘போர்ட்ஸ்’ என்று தனியே நிற்கும். அக்குடும்பத்தில் கறாரானது ஓப்பன்பிஎஸ்டி. 2001இல், திருத்திய வடிவில் வழங்க உரிமம் இடம்தராத ஐபிஃபில்டர் என்னும் தீயரணை அது நீக்கியது; அதே ஆண்டு டிசம்பரில் பிஎஃப் என்ற சொந்த அரணோடு 3.0 பதிப்பு வந்தது. மேக் கணினிகளும் விலக்கலில் சளைத்தவை அல்ல. பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறிய பாஷ் ஷெல்லை ஆப்பிள் தொடவில்லை. பழைய 3.2ஐயே ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்து, 2019இல் இசட் ஷெல்லை முன்னிருப்பாக்கியது.

எதிர் முனையில் டிரிஸ்குவெல், கீக்ஸ் போன்ற வழங்கல்கள் வன்பொருளுக்கான மூடிய நிரல்துண்டுகளைக்கூட அனுமதிப்பதில்லை. அதனால் பல மடிக்கணினிகளில் வைஃபை ஓடாது. டெபியன் இந்தச் சங்கடத்தை 2022இல் வாக்கெடுப்புக்கு விட்டது. அத்துண்டுகளும் சேர்ந்த நிறுவியே 2023இல் வந்த டெபியன் 12இன் அதிகாரபூர்வ நிறுவி.

தொகுப்பவரின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற கேள்வி 2024 மார்ச்சில் கூர்மையடைந்தது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ புறவாசல் வைத்திருந்தார்கள். தொலைநுழைவு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்துத் துருவியதில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். தொலைநுழைவுக்காக ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் எழுதும் ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு எக்ஸ்இசட்டோடு தொடர்பே இல்லை. கணினியில் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக டெபியனும் ஃபெடோராவும் செய்திருந்த திருத்தமே எக்ஸ்இசட்டின் நூலகத்தை உள்ளே இழுத்துவந்தது. புதுப் பதிப்புகளை அவசரப்பட்டு ஏற்காத நெறியால் டெபியன் 12 தப்பியது. சோதனைக் கிளைகளில்தான் புறவாசல் நுழைந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, வெளி நூலகம் எதுவும் இல்லாமல் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்லும் வழியைத் தன் மூலநிரலிலேயே சேர்த்துக்கொண்டது.