நாவலில் இல்லாத அம்மா: கரோலின் இங்கல்ஸை ஏடுகளில் படிப்பது எப்படி?

லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ்’ நாவல்களைப் படித்தவர்களுக்கு அம்மா கரோலினை நன்றாகத் தெரியும். எத்தனை முறை வீடு மாறினாலும் முகம் சுளிக்காத அம்மா. 1839-இல் விஸ்கான்சினில் பிறந்து, 1924-இல் தெற்கு டகோட்டாவில் இறந்த நிஜக் கரோலின் குடும்ப பைபிளிலும் அரசு ஏடுகளிலும் இருக்கிறார். இந்த இரண்டு அம்மாக்களும் ஒத்துப்போகாத இடங்களைத் தேடிப் படிப்பதில்தான் சுவை.

கட்டத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். 1840 வரை அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. கைக்குழந்தை கரோலினுக்கு அந்த ஏட்டில் பெயர் கிடையாது. 1850-இல்தான் அடிமைகள் தவிர்த்த எல்லோரின் பெயரையும் எழுதத் தொடங்கினார்கள். 1870-இல் வேறு வருமானம் இல்லாத மனைவிக்கு, தொழில் கேட்கும் கட்டத்தில் ‘வீட்டைக் கவனிப்பவர்’ என்று எழுதினார்கள். கல்யாணத்துக்கு முன்பு கரோலின் பள்ளி ஆசிரியை என்பதை அந்தக் கட்டம் சொல்லாது. என்ன கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்று பார்க்கப் பழகுங்கள்.

உறவுகளைச் சேர்த்துப் படியுங்கள்

கல்யாணமானதும் குடும்பப் பெயர் மாறிவிடுவதால், பெண்களைத் தேடும்போது அங்கேயே தடம் அறுந்துபோகும். கரோலின் குவைனர் 1860-இல் கரோலின் இங்கல்ஸ் ஆனார். அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் கூடவே தேடினால் தடம் மீண்டும் கிடைக்கும். இந்த இரண்டு குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. கரோலின் சார்லஸ் இங்கல்ஸை மணந்தார். அவருடைய அண்ணன் ஹென்றி சார்லஸின் தங்கை பாலியையும், தங்கை எலைசா சார்லஸின் அண்ணன் பீட்டரையும் மணந்தார்கள். ஒரு வீட்டைத் தொட்டால் மூன்று வீடுகளின் கதை வந்துவிடும்.

முரண்பட்டால் மகிழுங்கள்

நாவலில் குடும்பம் காட்டை விட்டுப் புல்வெளிக்குக் கிளம்பும்போதே கைக்குழந்தை கேரி வண்டியில் இருக்கிறாள். குடும்ப பைபிளோ, கேரி பிறந்த இடம் கான்சாஸின் மான்ட்கோமரி கவுன்டி என்கிறது. பிறந்தது 1870 ஆகஸ்ட். அதே மாதம் அங்கே கணக்கெடுப்பாளர் வந்தபோது குடும்பம் ஏட்டில் ஏறியது. அப்போது லாராவுக்கு 3 வயது. நாவலின் வீடு உண்மையில் எங்கே இருந்தது என்று பின்னாளில் தேடியவர்களுக்கு இந்த ஏடுகள்தான் வழிகாட்டின. புல்வெளி நடுவே, உறவுக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெற்ற கரோலின் நாவலில் இல்லை.

விடுபட்டவரைக் கண்டுபிடியுங்கள்

கரோலினுக்கு ஓர் ஆண் குழந்தையும் உண்டு. பெயர் சார்லஸ் ஃபிரடெரிக். 1875 நவம்பரில் பிறந்து, 10 மாதம் நிரம்புவதற்குள் 1876 ஆகஸ்டில் இறந்தது. பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது: சார்லஸ் அப்பாவின் பெயர், ஃபிரடெரிக் என்பது கரோலினின் சொந்தத் தந்தை ஏரியில் மூழ்கி இறந்த பின் அவரை வளர்த்த மாற்றாந்தந்தையின் பெயர். லாராவின் குழந்தைகளுக்கான நாவல்களில் இந்தத் தம்பி வரவே இல்லை. அவர் முன்பே எழுதி, 2014-இல் அச்சேறிய தன்வரலாற்றில் வருகிறான்.

இப்படி விடுபட்டவர்களைக் கணக்கெடுப்பு ஏடுகளிலும் தேடலாம். ஆனால் 1890 ஏடுகளில் பெரும்பாலானவை 1921 தீ விபத்தோடு போயின. அதனால் 1880-க்குப் பிறகு நேரே 1900-க்குத் தாவ வேண்டும். அந்த ஆண்டு பெண்களிடம் மட்டும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்? கரோலினைப் பொறுத்தவரை உண்மையான விடை 5, 4. எந்தப் பெண்ணின் வரலாற்றைத் தேடினாலும் 1900 ஏட்டில் முதலில் இந்த இரண்டு கட்டங்களுக்குப் போங்கள். இரண்டு எண்களும் வேறுபட்டால், அடுத்துத் தேட வேண்டியது கல்லறைப் பதிவு.