புல்மோட்டையின் கறுப்பு மணல்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி தாண்டி ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகப் போனால் புல்மோட்டை. வழியெல்லாம் வெளிறிய கடற்கரை. இங்கே மட்டும் மணல் கறுப்பு. ஒரு பிடி அள்ளினால் கை கனக்கும்.

இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனிமங்கள் இவ்வளவு செறிவாகக் குவிந்த கரைகள் உலகில் மிகச் சில. உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து ஆறுகளோடு கடலுக்கு வருகின்றன. லேசான மணலை அலை அடித்துச் செல்ல, கனமானது கரையில் தங்குகிறது. மாரிக் கடல் புதிதாகக் கொண்டுவந்தும் சேர்க்கும். முறத்தில் புடைக்கும் வேலையைக் கடலே செய்கிறது.

மிச்சத்தை ஆலை பார்த்துக்கொள்கிறது. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சேர்க்கோன் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்தே இரண்டையும் பிரிக்கிறார்கள். 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த அரச நிறுவனம்தான் இன்றும் இந்த ஆலையை நடத்துகிறது. இந்தக் கறுப்பிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ற்றுக்கான நிறப்பொடி பிறக்கிறது என்பது எத்தனை அழகு! ஆனால் மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. அது வருத்தம்தான்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் இது. கடல் தொழிலும் வயலும் ஆலையும் சோறு போடுகின்றன. வடக்கே கொக்கிளாய்க் களப்பு. 2009 மார்ச்சில், வன்னிப் போரில் காயப்பட்டுக் கப்பலில் வந்தவர்களுக்கு இந்திய மருத்துவர்கள் சிகிச்சை அளித்ததும் இங்கேதான்.

ஊருக்கு அருகே அரிசிமலைக் கரையும் உண்டு. அங்கே மணல் அரிசிக் குறுணை போலப் பருமனாக, வெளிறிக் கிடக்கும். கறுப்பைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிட வேண்டும்.