கீஸ்டோனைத் தொடாத கை

திண்டுக்கல் நாகல் நகரில் தெருத் திருவிழாவுக்குத் திரை கட்டிப் படம் போடுகிறார்கள் என்றால், நான் படம் தொடங்கும் நேரத்துக்குப் போவதில்லை; வெயில் தாழ்வதற்கு முன்பே போய்விடுவேன். ஆபரேட்டர் வந்து இறங்கி, பெட்டியைத் திறக்காமல், தெருவை மேலும் கீழும் ஒரு நடை நடந்து பார்ப்பாரே, அதிலிருந்து பார்க்க வேண்டும். தெருவிளக்கு எந்தக் கம்பத்தில், மின்கம்பி எவ்வளவு தாழ்வில், காற்று எந்தப் பக்கம், ஜனம் எங்கே உட்காரும் என்று அந்த ஒரு நடையிலேயே கணக்கை முடித்துவிடுகிறவர் நல்ல ஆபரேட்டர். வந்ததும் வராததுமாக புரொஜக்டரை எடுத்து பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைக்கிறவர் ராத்திரி எப்படிப் படம் காட்டுவார் என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.

நாற்காலியில் வைத்தால் என்ன குற்றம்? வாடகைக்குக் கிடைக்கும் சின்ன புரொஜக்டர்களில் பெரும்பாலானவை படத்தை நேரே எறிவதில்லை, மேல்நோக்கி எறிகின்றன. மட்டமான மேஜையில் வைத்தால், படத்தின் கீழ்விளிம்பு ஏறக்குறைய லென்ஸின் உயரத்திலோ கொஞ்சம் மேலேயோ விழும். பாய் விரித்து உட்காரும் கூட்டத்தில் முன்வரிசைத் தலைகள் மறைக்காமலிருக்க, படம் தரையிலிருந்து நாலைந்து அடிக்கு மேலேதான் தொடங்க வேண்டும். அப்படியானால் லென்ஸும் அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். நாற்காலியில் வைத்தவர் என்ன செய்வார்? முன்பக்கத்தைத் தூக்கி அடியில் செங்கல் கொடுப்பார். படம் மேலே ஏறிவிடும். கூடவே தலைப்பக்கம் விரிந்து கால்பக்கம் குறுகிப்போகும். உடனே கீஸ்டோன் பட்டனை அமுக்குவார். ஓரங்கள் நேராகும், கமிட்டிக்காரர்கள் தலையாட்டுவார்கள்.

என் சண்டை அந்தப் பட்டனோடுதான். அது வெளிச்சத்தை நிமிர்த்துவதில்லை. உள்ளே இருக்கும் 1920க்கு 1080 புள்ளிகளில், விரிந்துபோன பக்கத்து வரிசைகளை இடுக்கிப் படத்தைச் சுருக்குகிறது. ஒரு பங்கு புள்ளிகள் சும்மா கிடக்கும். மிச்சப் புள்ளிகளில் திணித்த எழுத்தின் விளிம்பு மழுங்கும். சும்மா கிடக்கும் புள்ளிகளும் முழுக்க அணைவதில்லை, மங்கலாகக் கசிந்துகொண்டே இருக்கும். இருட்டுக் காட்சி வரும்போது படத்தின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஆப்பு அடித்ததுபோல் தெரிவது அந்தக் கசிவுதான். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் கதாநாயகன் தெரியமாட்டான், ஆப்புதான் தெரியும். லென்ஸையே மேலும் கீழும் நகர்த்தி, புள்ளி எதுவும் வீணாகாமல் படத்தை ஏற்றி இறக்கும் வசதி விலை கூடிய புரொஜக்டர்களில் உண்டு. தெருவுக்கு வருகிற பெட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே கை தெரிந்தவர் முதலில் கேட்பது உயரம். பந்தல்காரரிடம் இரண்டு இரும்பு மேஜை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். மேலே பெட்டியை வைத்து, அதன் முதுகில் ரசமட்டம் வைப்பார். திரைச் சட்டத்துக்குத் தூக்குக்குண்டு. பிறகுதான் நான் காத்திருக்கும் வேலை: லென்ஸிலிருந்து திரையின் கீழ்மூலை இரண்டுக்கும் நூல் பிடிப்பது. இரண்டு நூலும் ஒரே நீளம் என்றால் பெட்டி திரையின் நடுவுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஒன்று அரையடி கூடினால் மேஜையோடு நகர்த்த வேண்டியதுதான். சௌராஷ்டிர நெசவாளர்கள் நிறைந்த நாகல் நகரில் இந்த வேலைக்கு மரியாதை உண்டு. பாவு நீட்டிப் பழகிய குடும்பத்துப் பெரியவர்கள் திண்ணையில் இருந்தபடியே, “இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் வரணும்” என்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

திரையின் அளவில்தான் தகராறு வரும்.

“தம்பி, இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுப்பா.”

“காட்டலாம்ணே. வெளுத்துரும்.”

அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு கணக்கே இருக்கிறது. 12 அடி அகலத் திரைக்கு உயரம் ஆறேமுக்கால் அடி. பரப்பு 81 சதுர அடி. புரொஜக்டர் உண்மையாகவே 3000 லூமன் தந்தால், சதுர அடிக்கு 37 லூமன் விழும். கமிட்டியின் ஆசைப்படி 20 அடியாக்கினால் பரப்பு 225 சதுர அடி. சதுர அடிக்கு 13தான். டிஜிட்டல் தியேட்டருக்கு வகுத்த தரம் 14 அடி-லாம்பர்ட். வாங்கிய வெளிச்சத்தை அப்படியே திருப்பித் தரும் வெள்ளைத் திரையில் அது சதுர அடிக்கு 14 லூமன். அது நாலு சுவரும் இருட்டும் உள்ள அரங்குக்குச் சொன்னது. தெருவிளக்கும் பலூன் கடை பல்பும் எரியும் இடத்தில் 13 எதற்குக் காணும்? அகலம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். இது எந்தக் கம்பெனிப் பெட்டிக்கும் மாறாது. தூரம் தனிக் கணக்கு. ஒன்றரைப் பங்கு எறியும் லென்ஸ் என்றால், 12 அடி அகலத்துக்கு 18 அடி தள்ளி வைக்க வேண்டும்.

பெட்டிக்கு வெள்ளையைப் போடத் தெரியும், கறுப்பைப் போடத் தெரியாது. திரையில் நாம் கறுப்பு என்று பார்ப்பது வெளிச்சம் விழாத துணியைத்தான். பக்கத்து ட்யூப்லைட் அந்தத் துணி மேல் விழுந்தால் கறுப்பெல்லாம் சாம்பல். நல்ல ஆபரேட்டர் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு முன் சுற்றியுள்ள விளக்கை மறைக்கச் சாக்குத் தேடுவார். வெள்ளைத் துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி கொடுத்துத் தைப்பார். இல்லாவிட்டால் பின்னால் எரியும் விளக்கு துணியை ஊடுருவிக் கறுப்பைக் கெடுக்கும். ஒற்றைத் துணியில் படத்தின் வெளிச்சமும் ஒரு பங்கு ஊடுருவிப் பின்னால் போய்விடும். முன்பெல்லாம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்து திரும்பி நின்றாலும் கவலைப்படாமல் பார்த்த கூட்டம் இருந்தது. அவர்கள் பார்த்தது முன்னால் இருந்தவர்கள் இழந்த வெளிச்சம். வழவழப்பான ஃப்ளெக்ஸில் படம் போடுவதை நான் ஒப்புவதில்லை. நடுவில் பளபளப்பு திரண்டு நிற்கும், ஓரம் செத்துப்போகும். ஆடி மாதம் என்றால் காற்று வேறு. திண்டுக்கல் சமவெளியில் ஆடிக்காற்றுக்குத் திரை கட்டத் தெரிந்தவருக்கு மற்ற மாதங்கள் விளையாட்டு.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நூற்றாண்டுக்கு மேல் வயது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுப்பி நிலையாக உட்காரும்வரை, போகிற ஊரிலெல்லாம் தூரம், உயரம், இருட்டு மூன்றையும் புதிதாகத் தேடியிருப்பார். பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களில் பெரும்பாலும் ஒரே மெஷின். ஆயிரம் அடிச் சுருள் ஓட 11 நிமிடம். சுருள் தீர்ந்தால் விளக்கைப் போட்டு மாற்ற வேண்டும். கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய அவற்றின் இடைவெளியை ஆபரேட்டர் சரிசெய்துகொண்டே இருப்பார். அசந்தால் படம் மங்கும். டிஜிட்டல் வந்து சுருளையும் கார்பனையும் எடுத்துக்கொண்டது. பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு பட்டனையும் சொல்ல வேண்டும்: படத்தை இழுத்துத் திரையை நிரப்பும் பட்டன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. நம் 12 அடித் திரையில் அவை ஒன்பது அடி அகலம்தான் நிற்கும். இருபுறமும் கறுப்பாக விட வேண்டும். விடமாட்டார்கள். இழுத்து நிரப்பிவிட்டு, சிவாஜிக்கு இப்படி உடம்பு போட்டுவிட்டதே என்று அவர்களே பேசிக்கொள்வார்கள்.

போகஸ் வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. முகத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. முகம் கொஞ்சம் மங்கினால் அழகாகவே தெரியும். எழுத்தைப் போட்டு, நடுவில் கூர்மையாக்கி, நாலு மூலைக்கும் கண்ணை ஓட்ட வேண்டும். ஓடி அரைமணி நேரம் ஆனதும் லென்ஸ் சூடேறிக் கூர்மை லேசாக நழுவும். அப்போது இருட்டில் எழுந்து வந்து வளையத்தை மயிரிழை திருப்புகிறவர் என்னைப் பொறுத்தவரை கலைஞர்தான். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, அவரும் சொல்லமாட்டார்.

அடுத்த திருவிழாவுக்குப் படம் போட ஆள் பேசும் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகையில் நூறு இருநூறு குறைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரைச் சாயங்காலம் நாலு மணிக்கே வரச் சொல்லுங்கள், ஆடாத மேஜை இரண்டு கொடுங்கள், திரைக்குப் பக்கத்துத் தெருவிளக்கை மறைத்துக் கொடுங்கள். மைக் செட்டும் சீரியல் விளக்கும் மாட்டிய வயரிலேயே புரொஜக்டரையும் மாட்டச் சொல்லாதீர்கள்.