அவிழ்க்கும் வரிசை

மெய்நிகர் இயந்திரங்களை லினக்ஸ் கெர்னலுக்குள்ளிருந்தே ஓட்டவைக்கும் பகுதிக்கு கேவிஎம் என்று பெயர். அதன் மூலநிரலில், ஆயிரம் வரியைத் தொடும் அளவில், ஈவன்ட்எஃப்டி.சி என்றொரு கோப்பு இருக்கிறது. 2009இல் நோவெல் நிறுவனத்தில் இருந்த கிரகரி ஹாஸ்கின்ஸ் தொடங்கி வைத்த கோப்பு அது. வேகத்தை ரசிப்பவர்களுக்கு அதில் தீனி நிறைய உண்டு. ஆனால் அதன் நிஜமான அழகு, வேலையெல்லாம் முடிந்தபின் இடத்தைக் காலி செய்துகொடுக்கிற ஒரு செயற்கூற்றில் இருக்கிறது. குறிப்புரைகளையும் சேர்த்தால் சுமார் நாற்பது வரி. பெயர் ஐஆர்க்யூஎஃப்டி_ஷட்டவுன்.

அதை ரசிக்க முதலில் பொருள் தெரிய வேண்டும். 2007இல் டேவிடே லிபென்சி லினக்ஸுக்குள் கொண்டுவந்த ஈவன்ட்எஃப்டி மிக எளிய கருவி. ஒரு 64 பிட் எண், அதன் மாற்றத்துக்காகக் காத்திருப்போரின் வரிசை, இரண்டையும் காக்கும் ஒரு பூட்டு, அவ்வளவுதான். யாராவது எண்ணைக் கூட்டினால் வரிசையில் நிற்பவர்கள் எழுப்பப்படுவார்கள். ஹாஸ்கின்ஸ் செய்தது, அந்த வரிசையில் கேவிஎம்மின் ஆளொன்றை நிறுத்தியது. அந்த ஆள்தான் ஐஆர்க்யூஎஃப்டி. வலைப்பின்னல் வேலையைக் கவனிக்கும் கெர்னல் பகுதி எண்ணைக் கூட்டியதுமே, கெஸ்ட் எனப்படும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓர் இன்டெரப்ட் விழும். இடையில், மெய்நிகர் இயந்திரத்தை வெளியிலிருந்து நடத்தும் க்யூஇஎம்யூ என்ற நிரலை எழுப்பித் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கட்டுவது இத்தனை சுலபம். அவிழ்ப்பதில்தான் சிக்கல், ஏனென்றால் ஐஆர்க்யூஎஃப்டிக்குச் சாவு மூன்று திசையிலிருந்து வரலாம். க்யூஇஎம்யூ முறைப்படி 'இந்த இணைப்பு போதும்' என்று கேவிஎம்மிடம் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் ஈவன்ட்எஃப்டியை மூடிவிடலாம். அல்லது மெய்நிகர் இயந்திரமே மொத்தமாக மூடப்படலாம். மூன்றும் வெவ்வேறு சிபியுக்களில் ஒரே நொடியில் நடந்தாலும், நினைவகம் ஒரே ஒரு முறைதான் விடுவிக்கப்பட வேண்டும். அதுவும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி ஆள் கையை எடுத்த பிறகு.

சொல்லாமல் மூடுவது எப்படி கேவிஎம்முக்குத் தெரிகிறது? இங்கே ஒரு நுட்பமான பிரிவினை இருக்கிறது. கேவிஎம் ஈவன்ட்எஃப்டி கோப்பைப் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. கோப்புக்கு உள்ளே இருக்கும் சூழல் பொருளை மட்டும் பிடித்துக்கொள்கிறது. கோப்பையே பிடித்திருந்தால், வெளியே எல்லோரும் மூடிய பிறகும் கெர்னல் கணக்கில் அது திறந்தே இருக்கும், மூடிய செய்தி வரவே வராது. சூழலை மட்டும் பிடித்திருப்பதால் கோப்பு இயல்பாகச் சாகிறது. சாகும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு 'ஈபோல்ஹப்' என்ற அறிவிப்பைத் தந்துவிட்டுப் போகிறது. உடல் போனாலும், கேவிஎம் வேலையை முடித்துக்கொள்ளும்வரை சூழல் உயிரோடு இருக்கும்.

அறிவிப்பு வரும் நேரம்தான் மோசமானது. ஈவன்ட்எஃப்டியின் பூட்டு பூட்டப்பட்டிருக்கும், அந்தச் சிபியுவில் இன்டெரப்டுகள் நிறுத்தப்பட்டிருக்கும், தூங்க அனுமதி கிடையாது. வரிசையிலிருந்து விலக வேண்டுமானால் அதே பூட்டை மறுபடி எடுக்க வேண்டும். எடுத்தால் தன்னிடமே முட்டிக்கொண்டு நின்றுவிடும். க்யூஇஎம்யூ வழியாக வரும் பாதையிலும் நிம்மதி இல்லை. அங்கே கேவிஎம்மின் பட்டியல் பூட்டு கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஈவன்ட்எஃப்டி பூட்டைக் கேட்டால், எதிர்ப்பக்கம் அதே இரண்டையும் தலைகீழ் வரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி காலத்துக்கும் நிற்க வேண்டியதுதான்.

ஹாஸ்கின்ஸ் இதற்குக் கண்ட வழி, சாவையும் அடக்கத்தையும் பிரித்துவைத்தது. செயலிழக்கச் செய்யும் செயற்கூறு இரண்டே காரியம் செய்கிறது. ஐஆர்க்யூஎஃப்டியைக் கேவிஎம்மின் பட்டியலிலிருந்து எடுக்கிறது. மிச்ச வேலையை ஒரு தனி வேலை வரிசையில் சேர்க்கிறது. தூங்கலாம், காத்திருக்கலாம் என்ற சுதந்திரம் உள்ள இன்னொரு இழை பிறகு வந்து உடலை அப்புறப்படுத்தும். 'உயிரோடு இருக்கிறதா' என்று அறியத் தனிக் கொடி எதுவும் வைக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. பட்டியலில் இருந்தால் உயிர். இல்லையென்றால் யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள், இனி அது அவர்கள் பொறுப்பு. ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதிவைத்து, அவை முரண்படும் நாளுக்காகக் காத்திருக்கும் நிரல்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் ஆறுதலாக இருக்கும்.

அந்த இழை செய்வதுதான் ஷட்டவுன். முதலில் ஈவன்ட்எஃப்டியின் காத்திருப்போர் வரிசையிலிருந்து தன்னைக் கழற்றிக்கொள்கிறது. இனிப் புதிய நிகழ்வு வர வழியில்லை. அடுத்து, ஏற்கெனவே கிளம்பிவிட்ட இன்டெரப்ட் வேலை ஏதேனும் பாதி வழியில் இருந்தால், அது முடியும்வரை நிற்கிறது. பிறகு துணை உறுப்புகளின் பதிவுகளை நீக்குகிறது. கடைசியில்தான் சூழல் பொருளின் பிடியை விட்டு, தன் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பந்தல் பிரிப்பவர் கீற்றை இறக்காமல் கால்களில் கைவைக்காதது போல, இங்கே எந்த இரண்டு படியையும் இடம் மாற்ற முடியாது. முதல் இரண்டை மாற்றிப் பார்த்தால் புரியும்: காத்திருந்து முடித்ததற்கும் கழற்றிக்கொள்வதற்கும் நடுவில் ஒரு புதிய நிகழ்வு நுழைந்துவிடும், அது ஒரு வேலையைக் கிளப்பிவிடும், அந்த வேலை தொடப்போவது விடுவிக்கப்பட்ட நினைவகத்தை.

கழற்றிக்கொள்ளும் வரியில் இன்னொரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது. கழற்றும் அதே பூட்டுக்குள் ஈவன்ட்எஃப்டியின் எண்ணையும் படித்துப் பூஜ்யமாக்குகிறது. படித்த எண்ணை யாரும் பயன்படுத்துவதில்லை. மேலோட்டமாகப் படிப்பவர் இதை வெட்டி வேலை என்று நினைத்து நீக்கிவிடக்கூடும். 2010 தொடக்கத்தில் மைக்கேல் சிர்கின் அதைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போனால், அதே ஈவன்ட்எஃப்டியைத் திரும்ப இணைக்கும்போது பழைய பாக்கி புதிய இன்டெரப்டாகக் கெஸ்டுக்குள் விழும். யாரும் அனுப்பாத கடிதம். வேகம் குறையும்; கெஸ்ட் விழுந்துவிடவும் வாய்ப்புண்டு.

இத்தனை கவனத்தோடு எழுதியதிலும் ஓட்டை இருந்தது. அது அவிழ்க்கும் பக்கத்தில் இல்லை, கட்டும் பக்கத்தில். ஐஆர்க்யூஎஃப்டியைப் பட்டியலில் சேர்த்த பின்னும் அதில் சில உறுப்புகளை நிரப்ப வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் வேறொரு இழை 'போதும்' என்று சொல்லிவிட்டால், பாதி கட்டியதை அவிழ்த்து, நினைவகத்தையும் விடுவித்துவிடும். கட்டிக்கொண்டிருந்தவர் கையில் வெற்றிடம். கெர்னல் அழைப்புகளைக் கன்னாபின்னாவென்று கலந்து அடிக்கும் சிஸ்பாட் இதைப் பிடித்தது. 2017 இறுதியில் வந்த திருத்தம், ஷட்டவுனின் தலையிலேயே ஒரு காத்திருப்பை வைத்தது: கட்டும் இழை எஸ்ஆர்சியு என்ற வாசகர் காப்புக்குள் இருக்கும்வரை அவிழ்ப்பவர் தொடங்கக் கூடாது. பிறப்பு முடியாமல் இறப்புச் சடங்கு இல்லை என்று அர்த்தம்.

அடுத்த ஆண்டு வந்த திருத்தம் இதைவிடச் சுவையானது. கட்டும் செயற்கூற்றில் வெகுகாலமாக ஒரு குறிப்புரை இருந்தது: ஐஆர்க்யூஎஃப்டி முழுமையாகத் தயாராகும்வரை கோப்பைக் கைவிட்டுவிடாதே, விட்டால் மூடல் அறிவிப்போடு மோதல் வரும். எழுதிய நாளில் அது உண்மை. 2015இல், இன்டெரப்டை வன்பொருளே நேராகக் கெஸ்டுக்குக் கொண்டுசேர்க்கும் வசதிக்காக, அந்தக் குறிப்புரைக்குக் கீழே புதிய தயாரிப்பு வரிகள் சேர்ந்தன. கோப்பைக் கைவிடும் வரியோ மேலேயே இருந்துவிட்டது. எச்சரிக்கை அங்கேயே நிற்க, அது எச்சரித்த தவறும் பக்கத்திலேயே குடியேறிவிட்டது. 2018இல் பாவ்லோ பொன்சினி கொடுத்த திருத்தத்தில் குறிப்புரை அப்படியே இருந்தது. அதுவும் அதன் வரியும் சில வரிகள் கீழே நகர்ந்தன. கெர்னல் நிரலில் குறிப்புரைகளை அலங்காரம் என்று தாண்டிப்போகிறவர்களிடம் காட்ட வேண்டிய திருத்தம்.

இதே கோப்பில் எதிர்த்திசைக் கருவி ஒன்றும் உண்டு. ஐஓஈவன்ட்எஃப்டி: கெஸ்ட் குறிப்பிட்ட முகவரியில் எழுதினால் வெளியே மணி அடிக்கும். அதன் அவிழ்ப்பு ஐஆர்க்யூஎஃப்டி அளவுக்கு நயமானதல்ல. அது ஒரு சாதனமாகப் பதிவாகும் பட்டியல் ஒரே அடுக்காக இருப்பதால், ஒன்றை நீக்க வேண்டுமானாலும் ஒரு இடம் குறைந்த புதிய பட்டியலை ஒதுக்கி, மற்றவற்றைப் படியெடுத்து, பழையதற்குப் பதிலாக வைக்க வேண்டும். படிப்பவர்களுக்குப் பூட்டே தேவைப்படாத வேகத்துக்குக் கொடுக்கும் விலை இது. விளைவு விசித்திரமானது. நினைவகத்தை விடுவிக்கவே நினைவகம் தேவை. அது கிடைக்காமல் போனால்?

பழைய நிரல் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பியது. அழைத்தவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. சாதனத்தை விடுவித்துவிட்டுப் போனார்கள். பட்டியலிலோ அதன் முகவரி அப்படியே இருந்தது. இயந்திரம் மூடப்படும்போது கெர்னல் அந்தப் பிணத்தைத் தட்டி எழுப்பும். 2017இல் டேவிட் ஹில்டன்பிராண்ட் முரட்டுத்தனமான, ஆனால் நேர்மையான வழியைத் தேர்ந்தார்: சுருக்க முடியாவிட்டால் பட்டியலையே மொத்தமாகத் தூக்கிவிடு, பதிவேட்டிலும் அதைச் சொல்லிவிடு. கெஸ்ட் முடங்கும், அதைத் தாங்கும் ஹோஸ்ட் பிழைக்கும். அதன்மேல் பின்னர் வந்த ஒரு திருத்தத்தில் ஒரு வரிசைப் பிசகு நுழைந்தது. பட்டியலை வெற்றாக்கும்போது அது மற்ற சாதனங்களை உடனே அழித்துவிட்டது, பழைய பட்டியலை இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் வெளியேறக் காத்திருக்காமல். 2021இல் ஷான் கிறிஸ்டோபர்சன் அந்த அழிப்பைக் காத்திருப்புக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.